ஐப்பசிக் கணக்கு

மாங்குளம் பெற்றோல் செட்டில் இரவு வேலை.
ஐப்பசி முழுக்க மழை, லொறிகள் குறைவு.
ஐந்து புத்தகம் முடித்தேன். ஒன்று கிடக்கிறது.

துப்பறியும் கதையில் கடைசித் தாள் இல்லை.
கணக்கப்பிள்ளைதான் கொன்றவன் என்று
நானே தீர்ப்பெழுதிவிட்டு
டீசல் அடிக்கப் போனேன்.

காதல் கதையின் ஓரத்தில் யாரோ
பென்சிலால் மூன்று இடத்தில் ‘பொய்’.
நாலாவது இடத்தில் நானும் எழுதினேன்,
பிறகு அழித்தேன்.

வானியல் விளங்கவில்லை.
ஆனாலும் கரண்ட் நின்ற ஓரிரவு
வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன்.
முகில்.

பேய்க்கதைக்குப் பயம் வரவில்லை, மன்னிக்கவும்.
சமையல் புத்தகம்தான் படுத்தியது:
பாணைத் தேநீரில் தோய்த்தபடி
புரியாணிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

கிடக்கிற மெல்லிய கவிதை நூலில்
பின்னட்டைத் திகதி முத்திரைகள்.
ஓகஸ்ட் 2008.
அதற்கு நேர் கீழே ஜூலை 2013.
நடுவில் வெள்ளை விடவில்லை,
அதே ஊதா மை, அதே சரிவு.
கவிதைகளுக்குள் போகாமல்
அந்த இரண்டு வரியிலேயே நின்றுவிட்டேன்.

தண்டம் ஆறு ரூபா என்றார் நூலகர் சுபவதனி.
கட்டிவிட்டு,
இன்னுமொரு கிழமை தாங்கோ என்றேன்.
அவர் முத்திரையை ஊதினார்,
குத்தினார்.