ஒரு கருவிக்கு மட்டும்

அடுப்படிச் சாவியைத் தரும்போதே
மேலாளர் சொல்லிவிட்டார்:
"ஒரு கருவிக்கு மட்டும்தான் இணையம், நெலிதா.
வானத்திலிருந்து இறங்குகிறது. விலை அதிகம்."
சரி என்றேன்.
பொய்யில்லை. என் கருவி ஒன்றுதான்.
சோப்புக் கட்டியைவிடச் சற்றுச் சிறியது,
இரண்டு காது, மூன்று பச்சைக் கண்.

பதினோரு பேர் நாங்கள்.
சுபுத் மேட்டுநிலத்தில் பண்ணை பண்ணையாகப் போய்
ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கும் கூட்டம்.
பத்துப் பேர் ஆட்டோடு மல்லுக்கட்டுவார்கள்,
நான் அவர்கள் பசியோடு.
இந்த வருடம் ரவுட்டரும் என் தலையில்.
மாவு மூட்டைக்குள் புதைத்துக் கொண்டுவருகிறேன்,
மண்சாலைக் குலுக்கலில் முட்டை உடைந்தால் உடையட்டும்.

இறக்கி வைத்தால்
போன பண்ணையின் பெயரையே தேடிக்கொண்டிருந்தது
வீடு மாற்றிய பூனை மாதிரி.
கோணி தைக்கும் ஊசியை எடுத்து
முதுகுத் துளையில் குத்திப் பத்து எண்ணினேன்.
எல்லாம் மறந்துபோய், புதிதாய்க் கண் சிமிட்டியது.
ரூபெனுக்கு இப்படியொரு துளை இருந்திருந்தால்
நான் இன்னும் அவனோடு இருந்திருப்பேன்.

அடியில் ஒட்டியிருந்த தாளில்
முதல் கடவுச்சொல் எண்ணெய் பட்டு அழிந்தாயிற்று;
மிளகாய்த்தூள் டப்பா மூடியில் நல்லவேளை எழுதிவைத்திருந்தேன்.
பெரிய வீட்டு வைஃபையைப் பிடி என்றேன், பிடித்தது.
உனக்கு ஒரு பெயர் வேண்டும் என்றது:
ஆட்டுக்கறிக் குழம்பு.
கடவுச்சொல் கேட்டது:
கைகழுவிவிட்டுவா.
பத்துத் தடியன்களும்
ஒவ்வொரு எழுத்தாய்த் தட்டித்தான் உள்ளே வந்தார்கள்.

தகரச் சுவர் அலையை விடாது.
அதனால் ஜன்னல் கம்பியில், பிளாஸ்டிக் பையில்,
துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
காற்று அடிக்கும்போதெல்லாம் கண்ணாடியில்
நெற்றியை முட்டிக்கொள்ளும்.
பத்து மணிக்கு ஜெனரேட்டர் படுத்துவிடும்;
பிறகு பவர் பேங்க், விடியும்வரை தாங்கினால் புண்ணியம்.

மேலாளர் கணக்கில் நான் ஒருத்தி.
அந்த ஒருத்தி
மாமியாரோடு சண்டை போடுகிறாள்,
மகனுக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தருகிறாள்,
பழைய லாரிக்கு விலை பேசுகிறாள்,
கால்பந்து பார்த்து நடுவரின் தாயை இழுக்கிறாள்,
ஒரே நேரத்தில் இரண்டு பெண்களிடம்
நீ மட்டும்தான் என்கிறாள்,
பூண்டும் உரிக்கிறாள்.

மூன்றாம் இரவு எல்லாம் நத்தையாய் ஊர்ந்தது.
என் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
பதினொரு பெயர், பதினொரு எண்.
ஒன்று மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தது,
நடுநிசி, ஒரு மணி, இரண்டு மணி.
டெல்ஃபோர் அந்திலெஃப்.
இந்த வயதில் என்ன பார்ப்பான் என்று எனக்குத் தெரியாதா?
ஒரு தட்டுத் தட்டி அறுத்துவிட்டேன்.

மறுநாள் அவன் மாத்தே குடிக்கவில்லை.
மதியத்துக்குள் மூன்று ஆட்டின் தோலைக் கிழித்தான்;
காயத்துக்கு மருந்து பூசும் பையன்
வாளியோடு மூன்று முறை ஓடினான்.
என்னடா என்றேன்.
போனைத் திறந்து பழைய படம் ஒன்றைக் காட்டினான்:
இருட்டில் ஒரு தொட்டில். அவ்வளவுதான். எதுவும் அசையவில்லை.

மனைவிக்குப் புவெர்ட்டோ மத்ரின் மீன் ஆலையில் இரவுப் பணி.
துணைக்குப் படுக்கும் கொழுந்தியாள்
தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டாள்.
குழந்தை அழுதால் இவன் இங்கிருந்து
அவளுடைய போனை அடிக்க வேண்டும்.
நானூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு காதை மட்டும் விழிக்க வைத்து.

அன்றிரவு கால்பந்துக்குக் கடிவாளம் போட்டேன்.
வென்செஸ்லாவ் கத்தினான், கரண்டியைக் காட்டினேன்.
தொட்டிலுக்கு முதல் வரிசை.
என் டார்ச்சுக்கு வைத்திருந்த பவர் பேங்கையும் செருகினேன்.

மூன்று மணி இருக்கும்.
கீழ்ப் படுக்கையிலிருந்து மெல்லிய அழுகை,
பிறகு தொண்டை திறந்த அழுகை.
பதினோரு பேரும் எழுந்து உட்கார்ந்தோம்.
"அடிடா, அவளுக்கு அடி!"
அங்கே மணி ஒலித்தது இங்கே கேட்டது.
ஒரு விளக்கு எரிந்தது. ஒரு கை வந்து தூக்கியது.

பெரிய வீடு இருட்டாக இருந்தது.
அதன் கணக்கில்
அழுதது நான்.