நாலு மணிக்கு ஒரு போன்

ஏழு தீபாவளிக்கு
நானே கேட்டு வாங்கிய நைட் டூட்டி.
வீட்டுக்கு வேறு கதை:
"லீவு தரலம்மா, இன்னா பண்றது."
ரத்த வங்கிக் குளிர்பெட்டிகளின் உறுமலில்
வெளியே வெடிப்பது பாதிதான் கேட்கும்.
மலையில் மோதித் திரும்பி வரும்
இரண்டாவது சத்தம் கேட்கவே கேட்காது.
வேலூரில் அதற்கென்றே ஓர் அறை
எனக்குச் சம்பளத்தோடு கிடைத்திருந்தது.

பியூலாவும் கிறிஸ்துமஸுக்கு இதையே செய்கிறாள் என்று
அக்டோபரில்தான் தெரிந்தது.
எங்கள் இருவர் பெயரையும்
சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டு
ஆபிரகாம் சார் கேட்டார்:
"ஊரே லீவு கேட்டு என் கழுத்தைப் பிடிக்குது.
உங்க ரெண்டு பேருக்கும் வீடு இல்லையா?"

இருந்தது.

கேன்டீனில் டீ ஆறி ஆடை கட்டும்வரை பேசினோம்.
எனக்குக் குடியாத்தம்.
அண்ணன் தணிகாசலம், லுங்கி வியாபாரம்.
அப்பா காரியம் முடிந்த மறுநாள்
கையெழுத்துக்கு நீட்டிய தாள்.
போட்டேன்.
அப்புறம் அதை யாரும் பேசவில்லை, நானும்.
மற்ற எல்லாவற்றையும் அண்ணி பேசுவாள்:
மெலிந்தது, நரைத்தது,
"இன்னும் ஒண்ணும் அமையலையா?"
அவளுக்குக் காட்பாடி, காந்தி நகர்.
தம்பி போய் மூன்று வருஷம்.
கேக் வெட்டும்போது எல்லோரும் சிரிக்கணும்,
அவன் பேரை எடுக்கக் கூடாது,
அது அவள் அப்பாவின் சட்டம்.
போன வருஷம் சிரித்துச் சிரித்து
தாடை வலித்ததாம்.

"மூணு மணி நேரம் போய் இருந்து பாரு" என்றாள்.
"நாலு மணிக்கு நான் போன் பண்றேன்.
ஆஸ்பத்திரியில அவசரம்னு எழுந்து வந்துடு.
கிறிஸ்துமஸுக்கு நீ எனக்குப் பண்ணு."
"பொய்தானே?"
"சன்னல்னு வெச்சுக்கோயேன்."

பள்ளிகொண்டா தாண்டும்வரை
ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண்
காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
அடுப்படியில் ஒரு முறைதான் சொன்னேன்:
"அதைப் பத்தி இன்னிக்கு வேணாம் அண்ணி."
எண்ணெயில் கிடந்த அதிரசம்
ஒரு பக்கம் கருகியது.
"சரி" என்றாள்.
"அப்ப இந்தத் தட்டைப் பிடி."

அவ்வளவுதான்.
அதற்கா ஏழு வருஷம்.

அண்ணன் தாளைப் பற்றிப் பேசவில்லை.
பையனுக்குச் சரவெடியைப் பிரித்துக்கொண்டே
"அங்க சாப்பாடு எப்படி?" என்றான்.
ஏழு வருஷமாக வைத்திருந்த கேள்வியோ
அந்த நிமிஷம் தோன்றியதோ,
எனக்குத் தெரியாது.
"சாம்பார்ல புளி ஜாஸ்தி" என்றேன்.
கையெழுத்து இன்னும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

நாலு மணி.
எல்லோரும் என் போனைப் பார்த்தார்கள்.
"மேடம், பி நெகட்டிவ், அர்ஜென்ட்!"
பியூலாவின் நடிப்பு படு மோசம்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
"ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்" என்று வைத்தேன்.
அண்ணி ஒன்றும் கேட்காமல்
இன்னொரு அதிரசம் போட்டாள். கருகியது.

டிசம்பர் இருபத்தைந்து, நாலு மணி.
அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.
இரண்டாம் முறை எடுத்தாள்.
மூச்சுதான். அதற்குப் பின்னால்
யாரோ ஓர் ஆண் பெரிதாக அழுகிற சத்தம்.
"பி நெகட்டிவ்..." என்று ஆரம்பித்தேன்.
"அவன் பேரைச் சொல்லிட்டேன்டி,
கேக் வெட்டறப்போ, வாய் தவறி.
அப்பாதான் முதல்ல அழுதாரு.
இப்ப வர முடியாது. வை."

வைத்தேன்.
கோட்டை அகழி ஓரம் கொஞ்சம் நின்றேன்.
தண்ணீரில் யாரோ வீசிய பொரிக்கு
மீன்கள் அடித்துக்கொண்டன.
நல்ல குளிர், ஸ்வெட்டர் எடுத்து வரவில்லை.

பொங்கலுக்கு யார் டூட்டி என்று
ஆபிரகாம் சார் நேற்று குரூப்பில் கேட்டிருக்கிறார்.
நீல டிக் விழுந்துவிட்டது.
இன்னும் பதில் போடவில்லை.