மூன்று இரவு, நான்கு பகல்

கொண்டலாம்பட்டி பைபாஸ் வாட்டர் சர்வீஸில்
வேனின் வயிற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.
நான் உள்ளே இருக்கிறேன், விளக்குமாறோடு.
கூட்டுவது என் வேலையில்லை.
நோட்டீஸில் என்னை வழிகாட்டி என்றுதான் போட்டிருக்கிறது.
ஆனால் மாதேஸ் தூங்கப் போய்விட்டான்,
நாளைக் காலை ஆறரைக்கு
இதே வேன் ஏற்காடு ஏற வேண்டும்.

முதல் சீட்டுக்கடியில் தனுஷ்கோடி.
வெளுத்த மணல், இன்னும் ஈரம் விடாதது,
தட்டுவடைத் துணுக்கோடு ஒட்டிக் கிடக்கிறது.
ரெஜினா டீச்சரின் சீட்.
அரிசிபாளையத்தில் ஏறும்போதே கேட்டார்:
"கடல் எந்தப் பக்கம் வரும்?"
மதுரை தாண்டட்டும் டீச்சர் என்றேன்.
நாமக்கல்கூட வரவில்லை,
மறுபடி கேட்டார்.

நான்கு வருடமாகச் சொல்லும் வாக்கியங்கள் என்னிடம் உண்டு.
வலப்பக்கம் பாருங்கள், பாம்பன் பாலம்.
இடப்பக்கம் பாருங்கள், உப்பளம்.
சாயல்குடிக்கும் வேம்பாருக்கும் நடுவே
எந்தப் பக்கமும் பார்க்க ஒன்றுமில்லை என்பதால்
பாட்டுக்குப் பாட்டு வைப்பேன்.
கருவேலம், பனை, மறுபடி கருவேலம்,
தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் குடங்கள்.
அவற்றுக்கு என்னிடம் வாக்கியமில்லை.

பச்சியண்ணன் மட்டும் பாடவில்லை.
கடைசி சீட். வெள்ளைக்கல் சுரங்கத்தில்
முப்பத்தோரு வருடம்.
மகள் கட்டிய பணம், மகள் வாங்கிய தொப்பி.
தனுஷ்கோடியில் இறங்கவேயில்லை.
"கண்ணு கூசுது" என்று
கடலுக்கு முதுகு காட்டி
டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்.
எனக்குக் கோபம்.
பார்க்காமல் திரும்புகிறவர்கள்
என் சம்பளத்தில் கை வைப்பதுபோல் இருக்கும்.

மூன்றாம் நாள், திருச்செந்தூர் தாண்டித் தேரிக்காடு.
இருபது நிமிடம், போட்டோ எடுக்க.
சிவப்பு.
அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
முடிப்பதற்குள் இறங்கிவிட்டார்,
செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு.

இருபது நிமிடம் ஒன்றேகால் மணிநேரம் ஆனது.
ஹாரன் அடித்தோம். மாதேஸ் கெட்ட வார்த்தை பேசினான்.
அம்மாபேட்டைப் புதுமணத் தம்பதிக்கு
மணப்பாட்டில் சூரியன் மறைந்துவிடுமே என்ற கவலை.
காலடியைப் பார்த்துப் போகலாமென்றால்
இங்கே காற்று எதையும் நிற்க விடாது,
நேற்றிருந்த மேடு இன்று இருக்காது என்று
நானேதான் மைக்கில் சொல்லியிருந்தேன்.

ஒரு முந்திரி மரத்தடியில் இருந்தார்.
முழங்கால்வரை சிவப்பு.
"எத்தன வருசம் வெள்ளையாத் துப்புனேன் தெரியுமா"
என்றார். "கைக்குட்டையெல்லாம் வெள்ள."
வேறொன்றும் சொல்லவில்லை.
சுண்ணாம்பு டப்பாவை வேட்டியில் துடைத்து
மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்.
நடக்கையில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
சட்டையில் ஐந்து விரல்.

மணப்பாடு போனபோது இருட்டிவிட்டது.
குன்றின் மேல் கோவில் விளக்கு, கீழே அலை.
புதுப்பெண் அழுதாள்.
ரெஜினா டீச்சர் மட்டும்,
"சத்தம் போதும், விடும்மா" என்றார்.

திரும்பும் இரவு வேன் முழுக்கத் தூக்கம்.
ஐந்து ரோடு பாலத்தில் ஏறும்போது மணி நாலு.
நானும் அசந்திருந்தேன் போல.
மைக்கை எடுத்து
"வலப்பக்கம் பாருங்கள்" என்றுவிட்டேன்.
வலப்பக்கம், ஷட்டர் இறக்கிய நகைக்கடை,
பூமூட்டையோடு ஓர் ஆட்டோ,
எல்லாவற்றுக்கும் பின்னால்
இருட்டைவிடக் கறுப்பாகச் சேர்வராயன் மலை.
கடைசி சீட்டில் ஒரு கை
கண்ணாடியைத் துடைத்தது.

இப்போது அந்தச் சீட்டுக்கடியில் கூட்டுகிறேன்.
சீட் நகரும் இரும்புப் பள்ளத்தில்
விளக்குமாறு நுழையவில்லை.
சிவப்பும் வெளுப்பும் கலந்து
ஒரு கைப்பிடி தேறும்.
ஏர் அடிக்க நூற்றைம்பது தனி என்கிறான் பையன்.
முதலாளி தரமாட்டார்.
விடுப்பா என்கிறேன்.

நாளை இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் அது
இந்தப் பக்கம் சரியும், அந்தப் பக்கம் சரியும்.
ஏரி எப்போது வரும் என்று யாராவது கேட்பார்கள்.
கீழே என்ன சத்தம் என்று கேட்டால்
வாந்திக் கவர் உரசுகிறது என்பேன்.