மூன்றாம் தெரிவு

இடமாற்ற விண்ணப்பத்தின் ஆறாம் பிரிவு
காரணம் கேட்கிறது.
திருமணம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, ஏனையவை.
ஏனையவைக்கு ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள்.

ஐப்பசி பதினாலில் தொடங்கியது.
இன்றைக்கு மார்கழி இருபது.
நடுவில் சூரியனை நாலு தரம் கண்டேன்,
அதில் ஒன்று அனுராதபுரச் சந்தியில்
வெதுப்பகத்தின் பலகையில் வரைந்தது.

நான் வேலை செய்வது நீர் வழங்கல் சபையில்.
சிரிக்கலாம், எல்லோரும் சிரித்தாயிற்று.
கண்ணாடிக்கு வெளியே இலவசமாய்க் கொட்டுவதைக்
கண்ணாடிக்கு உள்ளே அலகு அலகாய் விற்கிறேன்.
பட்டியல்கள் ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன.
ஒருவருடையதை இழுத்தால்
இன்னொருவரின் நிலுவையும் சேர்ந்து வருகிறது.

மழையைக் குறை சொல்லவில்லை.
தம்பலகாமத்து வயல்காரர் கவுண்டரில் நின்று
"இன்னும் ரெண்டு பாட்டம் விழவேணும்" என்கிறார்.
அவருக்கு விழட்டும்.
எனக்கு அந்த நிறம்தான்.
கொட்டியாரக் குடாவும் வானமும்
ஒரே வாளியில் அலசிய இரண்டு துணி.
உட்துறைமுகத்துக்கு அப்பால் மா ஆலை
காலையில் இல்லை,
மத்தியானம் பாதி இருக்கிறது,
நாலு மணிக்கு மறுபடி இல்லை.
நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

டொக்டர் இரத்தம் சோதித்து
விற்றமின் எழுதித் தந்தார்.
இருபத்தாறு வருசமாய் ஒஸ்லோவில் இருக்கும் அக்கா
"இதெல்லாம் ஒரு இருட்டோ?" என்றாள்.
அவளிடம் அதற்கென்றே ஒரு விளக்கு இருக்கிறதாம்,
காலையில் முகத்துக்கு நேரே அரைமணித்தியாலம்.
இங்கே அதைப் போட்டால்
ஈசல்தான் வரும்.

கடற்கரையில் இருப்பவர்கள் காரணம் எழுதுவதில்லை.
நீர்கொழும்பிலிருந்து வந்தவர்கள்
புரட்டாசியிலேயே வாடியைப் பிரித்து
லொறியில் ஏற்றிவிட்டார்கள்.
உப்புவெளியில் சுழியோடப் பழக்கும் நிரோஷன்
சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு ஹிக்கடுவைக்குப் போனான்.
"அங்க இப்ப கடல் கண்ணாடி மாதிரி, மிஸ்."
இந்தத் தீவில் எப்போதும் ஒரு பக்கம் வெயில் இருக்கிறது.
எப்போதும் மற்றப் பக்கத்தில் நான்.

நேற்றுப் பதினொன்று இருபதுக்கு மேகம் கிழிந்தது.
பணம் கட்ட வந்தவர்களும் வாங்க வேண்டிய நாங்களும்
ஒன்றாய் முற்றத்துக்குப் போனோம்.
றிஸ்மியா ஈரச் செருப்பைக் கழற்றி மதிலில் சாத்தினாள்.
கோட்டையடியில் மான்கள் நடுத்தெருவில் படுத்துவிட்டனவாம்,
ஹோர்னுக்கும் எழும்பவில்லையாம்,
மானி வாசிக்கப் போன பொடியன் வந்து சொன்னான்.
சீமெந்து ஆவி விட்டது.
பிடரியில் யாரோ உள்ளங்கை வைத்ததுபோலிருக்க
அசையாமல் நின்றேன்.
பதினொரு நிமிடம்.

"பாத்தீங்களா, வந்துட்டு. இனி எதுக்குப் போற நீங்க?"
பதினொரு நிமிட வெயிலுக்கு மனம் மாற
நான் என்ன வானிலை அறிக்கையா, றிஸ்மியா?

பின்னேரம் எழுதி முடித்தேன்.
ஏனையவை: வெளிச்சம்.
முதலாம் தெரிவு, அம்பாந்தோட்டை.
சிங்களம் தடக்கித்தான் வரும்,
ஆனால் 'அவ்வ' என்றால் வெயில் என்று தெரியும்,
தொடங்க அது போதும்.
இரண்டாம் தெரிவு, புத்தளம்.
உப்பு விளைகிற ஊரில்
ஒரு சேலை காயாமலா போகும்.
மூன்றாவதில் பேனை நெடுநேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
திருகோணமலை, பங்குனி முதல் ஆவணி வரை.

றிஸ்மியா வாசித்தாள், தலையைச் சாய்த்து
இன்னொரு தரம் வாசித்தாள்.
"மாசம் போட்டாத் திருப்பி அனுப்பிருவாங்க."

வெள்ளை மை பூசினேன்.
ஊதினேன்.
மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன்,
அலுவலகம் மூடுகிற வரைக்கும்.
காயவில்லை.