இரண்டாவது பிரேக்

டாக்டர் ஹரிலால் சிறு சுத்தியலால்
முழங்காலில் தட்டினார்.
கால் துள்ளி அவர் மேசையை உதைத்தது.
கணுக்காலில் தட்டினார்.
ஒன்றுமில்லை.
மறுபடி.
ஒன்றுமேயில்லை.

இசைக்கவையை அடித்துக்
கட்டைவிரல் எலும்பில் வைத்தார்.
காதுக்குக் கேட்டது, விரலுக்குக் கேட்கவில்லை.
"நின்றதும் சொல்லுங்கள்."
தொடங்கவே இல்லையே, டாக்டர்.

மேலே ஒரு நோய், கீழே ஒரு நோய் என்றார்.
மூளையிலும் தண்டுவடத்திலும் வெள்ளைத் தழும்புகள்,
அது ஸ்கிளிரோசிஸ்.
பாதத்துக்குப் போகும் வழியில் உறை உரிந்த நரம்புகள்,
அதற்கு வேறு பெயர், வேறு கோப்பு.
ஒன்று மற்றதைக் கூட்டிக்கொண்டு வந்ததா?
"தெரியவில்லை, கோகிலம்."
அந்த ஒரு சொல்லுக்காக
அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சாட்ஸ்வொர்த்தில் பதினாறு வருடம்
இடப்பக்க இருக்கையில் என் பிழைப்பு.
வெள்ளை டாஸ், கூரையில் சிவப்பு எல்.
என் காலடியில் இன்னொரு பிரேக்,
ஓட்டுகிறவர் மறந்தால் நான் மிதிக்க.
கோகி இருக்கிறாள், நிறுத்திவிடுவாள்
என்றுதான் என்னிடம் அனுப்புவார்கள்.

பிப்ரவரி. கடலின் ஈரம் மேடேறி வந்து
காருக்குள் உட்கார்ந்துகொள்ளும் மாதம்.
உடம்பில் சூடு ஏறினால்
என் வலக்கண்ணில் சாயம் போய்விடும்.
ரோபோவின் சிவப்பு, ஊறிய தேயிலை நிறத்துக்கு வரும்.

மிசஸ் குமேடே, அறுபத்திரண்டு வயது.
கணவரைப் புதைத்த மறுவாரம் வந்து
பெயர் கொடுத்தவர்.
"இனி என்னை யார் ஏற்றிப்போவார்?"

இறக்கத்தில் போகிறோம்.
மினிபஸ் டாக்சி ஒன்று
கையைக்கூடக் காட்டாமல் முன்னால் நின்றது.
மிதித்தேன்.
மிதித்தேன் என்று நினைத்தேன்.
கார் நின்றது,
டாக்சியின் பின்கண்ணாடியில் தூசு எழுதிய
யாரோ ஒருத்தியின் பெயரைப் படிக்கும் தூரத்தில்.

குனிந்து பார்த்தால்
என் செருப்பு பிரேக்கின்மேல் இல்லை.
ரப்பர் விரிப்பில் கிடந்தது,
அடுத்த வீட்டுக்காரரின் செருப்புபோல.

"நல்ல வேளை, நிறுத்தினாய்" என்றார்.
நான் இல்லை, நீங்கள்தான்.
"நானா?"
ஸ்டியரிங்கை இரு கையாலும் தட்டிச் சிரித்தார்.
"அப்போது நான் பாஸ்!"
சிரிக்க எனக்கு மூன்று மூச்சு பிடித்தது.

அன்றிரவு கரண்ட் இல்லை.
தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி
இருட்டில் உட்கார்ந்து
இரண்டு பேரையும் விசாரித்தேன்.
மேலே இருப்பவன் சொன்னான்: உத்தரவு அனுப்பினேன்.
கீழே இருப்பவன் சொன்னான்: வந்து சேரவில்லை.
வழியில் தொலைந்ததை
யார் கணக்கில் எழுத?

காரை மிசஸ் குமேடே வாங்கிக்கொண்டார்,
தவணையில்.
இடப்பக்கப் பெடலைக் கழற்ற
மெக்கானிக் லட்சுமனா நானூறு ராண்ட் கேட்டான்.
முன்னூறுக்கு ஒப்புக்கொண்டான்.

பெடல் இருந்த இடத்தில் நான்கு துளைகள்.
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
தகரத்தின் பிசிறு கீறியது.
வலித்தது.
லட்சுமனா திரும்பி நின்ற நேரம்
அடுத்த துளையிலும் விட்டுப் பார்த்தேன்.