விட்டுவிட்டு என்றால் எண்ணெய்

ஓயாமல் அலறினால் சூடு.
விட்டுவிட்டு என்றால் எண்ணெய்.
இது ஓயவில்லை.

நிவியாக் பொத்தானை அமுக்கினாள்.
மோட்டார் அடங்க,
சுற்றிலும் மிதக்கும் பனிக்கட்டிகள்
கடுகாய்ப் பொரிவது கேட்டது.

சாய்த்துத் தூக்கிப் பார்த்தால்
நீர் உறிஞ்சும் சல்லடை முழுக்கக் கூழ்ப்பனி.
கம்பி இறங்கவில்லை.
கையுறை கழற்றி நோண்டினாள்,
விரல் யாருடையதோ போலிருக்கும்வரை.

பிளாஸ்கில் ஒரு கோப்பை காப்பி.
கடைசித் தூண்டிலையும் இழுத்தபின் குடிக்க
காலையிலிருந்து காத்தது.
ஊற்றினாள், மோட்டாருக்கு.

மூன்றாம் இழுப்பில் பற்றியது.
பக்கத்துத் துளையிலிருந்து
முதலில் பழுப்பாய், பிறகு தெளிவாய்
சின்னப் பையன் மூத்திரம்போல்
ஒரு நீர்க்கோடு.

அலறல் நின்றது.
"சர்க்கரை போதுமா?" என்றாள்.

கீச்.
சற்று நேரம் கழித்து,
கீச்.

எண்ணெய் டப்பா வீட்டில்,
மறக்காமலிருக்க
நேற்றிரவு எடுத்து வைத்த
கதவோரத்தில்.