மருத்துவ விடுப்பு

விடுப்புப் படிவத்தில், காரணம் என்ற இடத்தில்,
பறவை பார்த்தல் என்று எழுதினேன்.
அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
திரும்பவும் வாசித்தார்.
"ரீச்சர், கந்தோரிலை சிரிப்பினம்."
சிவப்புப் பேனையால் வெட்டி
வயிற்றுக்குத்து என்று போட்டார்.
பதினெட்டு வருசத்தில் நான் கேட்ட,
செத்தவீடு இல்லாத முதல் லீவு.

தருமபுரம் தாண்டி வான் கல்லாற்றுப் பக்கம் திரும்ப
மறித்தார்கள்.
மேசையில் பரப்பினோம்: புட்டுப் பார்சல், இரண்டு குடை,
பர்ஹானாவின் கொப்பி, தூரக்கண்ணாடி.
ஆமிக்காரப் பெடியன் கண்ணாடியைத் தூக்கி
உப்புவெளியை ஒரு கரையிலிருந்து மறுகரை மட்டும் பார்த்தான்.
குருல்லோ? என்றான்.
ஓம், குருவிகள்தான்.
இன்னும் கொஞ்சம் பார்த்தான்.
திருப்பித் தந்தபோது அது
அவன் கண்ணுக்கு இசைந்திருந்தது.
சுண்டிக்குளத்தின் முதல் பூநாரைக் கூட்டத்தை
கலங்கிய ரோஸ் நிறமாய்த்தான் கண்டேன்,
சில்லைக் கால்சுற்றுத் திருப்பும் வரைக்கும்.

பர்ஹானா முசலிக்காரி. இருபத்தாறு வயது.
எங்கள் நால்வரில் பெயர்கள் தெரிந்தவள் அவள்தான்.
திரவியநாதன் அண்ணை கண்டதையெல்லாம் கொக்கு என்றார்.
யசோதரா அவரைத் திருத்துவதைக் கைவிட்டு
எண்ணத் தொடங்கினா.
பத்தை ஒரு பிடியாய் மனதில் வை,
அந்தப் பிடியால் கூட்டத்தை அள,
அதுதான் முறையாம்.
நான் கணக்கு ரீச்சர். பொறுக்கவில்லை.
ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பருந்து வந்தது.
எல்லாம் எழும்பி, ஒருக்கால் புரண்டு,
வேறு ஒழுங்கில் இறங்கின.
திரும்ப ஒன்றிலிருந்து.

கருவால் மூக்கன்களின் நெஞ்சில் செம்மை ஏறியிருந்தது.
"பயணத்துக்கு உடுத்துதுகள்" என்றாள்.
மூக்கை அடிமட்டும் சேற்றில் விட்டு
ஒருவருக்கும் முகம் கொடாமல் தின்றன.
எவ்வளவு தூரம் போகும்?
"பனி உருகிற இடம் மட்டும்."
அண்ணை அதற்குப் பிறகு கொக்கு என்று சொல்லவில்லை.

கண்டலோரம் மண்டையோட்டுப் பலகை ஒன்று
எழுத்து வெளிறி, ஒற்றை ஆணியில் தொங்கியது.
மேலே நீலவால் பஞ்சுருட்டான்,
பிடித்த தும்பியைப் பலகையிலேயே அடித்து அடித்து.
பர்ஹானா எழுதினாள்: ஒன்று. இரை தின்கிறது.
கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று
எவரும் சொல்லவில்லை.

மீன்பிடிச் சங்கத்தின் பின்னறையில் படுக்கை.
தென்காற்றுத் தொட்டால் போய்விடும்,
நாளைக்கு விடியப் பார்க்கலாம் என்றிருந்தாள்.
ஐந்து மணிக்கு எலாம் வைத்தோம்.
தேத்தண்ணிக்கு இஞ்சியும் தட்டி வைத்தாயிற்று.

இரவு எத்தனை மணியோ.
கூரைக்கு மேலே சளசளவென்று ஒரு சத்தம்
தெற்கிலிருந்து நீண்டு வந்தது.
பாதி நித்திரையில் வெளியே போய்
கொடியில் கிடந்ததையெல்லாம் வாரினேன்:
என் சட்டை, இரண்டு துவாய், அண்ணையின் சாரம்.
அண்ணாந்து பார்க்கவில்லை.
ஒரு துளியும் விழவில்லை.
வந்து படுத்துவிட்டேன்.

விடிந்தால், சேறு.
துளை துளையாய்ச் சேறு,
துளைக்குள் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர், அதில் கொஞ்சம் வெளிச்சம்.
பூநாரைகள் மட்டும் நேற்றைய இடத்தில்,
ஒரு அவசரமும் இல்லாமல்.
பர்ஹானா பேனையை மூடினாள், திறந்தாள்,
கருவால் மூக்கனுக்கு நேரே சுழியம் போட்டாள்.
"இரவு ஆருக்காவது கேட்டதோ?"
கதிரையில் நான் மடித்து வைத்த உடுப்புகள் இருந்தன.
"மழை எண்டு நினைச்சன்" என்றேன்.
கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு
குறிப்பு என்ற கட்டத்தில் அதையே எழுதினாள்,
என் பெயரையும் போட்டு,
நேரத்துக்கு ஒரு கோடு விட்டு.

திங்கட்கிழமை, மணி அடிக்க முதல்,
அதிபர் படலையடியில் நின்று கேட்டார்
வயிற்றுக்குத்து எப்படியென்று.
"போட்டுது சேர்" என்றேன்,
"இரவோடிரவாய்."